ஒரு கைக்கு இரண்டு பேர்

தில்ஷாத்தின் கைப்பேசிக்கு வந்த புகாரில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'பயனாளரின் வலது கை பயனாளரின் கழுத்தைப் பிடிக்கிறது.'

அழைப்பு மையத்தில் யாரோ தப்பாகக் காதில் வாங்கி எழுதிவிட்டார்கள் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். செயலிழந்த கைகளை அசைய வைக்கும் நிறுவனம் ஒன்றின் திருச்சிக் கிளையில் ஒன்பது வருடமாகக் கேபிள் வேலை பார்க்கிறாள். கை தாமதமாக நகர்கிறது, விரல் உதறுகிறது, பிடித்த டம்ளரை விட மாட்டேன் என்கிறது என்றெல்லாம் புகார்கள் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எலி கடித்த கேபிளாகவோ, முனையில் சரியாக நெரிக்காத பின்னாகவோ இருக்கும். கழுத்தைப் பிடித்த கை எதையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

புகார் கொடுத்தவர் பெயர் அருளானந்து. பொன்மலையில் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை செத்துப்போனது. ஒன்பது மாதத்துக்கு முன்தான் அவருக்கு நரம்புப் பாலம் வைத்தார்கள். மண்டையோட்டுக்கு அடியில் நாணயம் அளவு ஒரு வில்லை. மூளை கையை அசைக்க நினைத்தால் வில்லை அதைக் கேட்கும். சுவரில் மாட்டிய பெட்டி வாங்கிக் கேபிள் வழியாக ஊருக்கு வெளியே உள்ள சர்வருக்கு அனுப்பும். எந்த விரல், எவ்வளவு விசை என்று சர்வர் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்ப, கையில் மாட்டியிருக்கும் மெல்லிய உறை தசைகளைச் சுண்டி இழுக்கும். உறை தொட்டது எதுவோ அந்த உணர்ச்சி வந்த வழியே தலைக்குத் திரும்பும். எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். தலைக்கும் கைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் கேபிள் ஓடுகிறது என்பதையே ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

அருளானந்து மறக்கவில்லை. தில்ஷாத் போனபோது கூடத்தில் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து, அதன் மேல் இடது கையை அழுத்திப் பிடித்திருந்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால்தான் இது நடக்கிறதாம். இரவில் உறையைக் கழற்றி வைத்துவிடுவாராம். மூன்று தடவை விழித்துப் பார்த்தபோது அவருடைய கை அவருடைய தொண்டையின் பக்கவாட்டில் இருந்திருக்கிறது. இரண்டு விரல் மட்டும் அழுத்திக்கொண்டிருந்ததாம்.

"நெரிக்கலம்மா. நெரிச்சாக்கூடப் பரவாயில்ல. சும்மா வச்சுக்கிட்டு எதையோ கேக்குற மாதிரி இருந்துச்சு," என்றார்.

அவர் மனைவி ஸ்டெல்லா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நீங்கள் எதையாவது பார்த்தீர்களா என்று தில்ஷாத் கேட்டதற்கு, இல்லை என்பது போல் தலையை அசைத்தாள். ஆனால் கண் அந்தக் கையிலேயே இருந்தது.

தில்ஷாத் முதலில் வழக்கமான வேலைகளைச் செய்தாள். பெட்டியிலிருந்து கேபிளைக் கழற்றினாள். எட்டுக் கம்பிகளில் பழுப்புக் கம்பி சரியாக நெரிபடாமல் இருந்தது. முனையை வெட்டி, நிற வரிசைப்படி அடுக்கி, புதுப் பின்னில் செருகி இடுக்கியால் நெரித்தாள். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. அருளானந்து பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு நடுக்கமும் இல்லை.

பழுப்புக் கம்பிதான் காரணம் என்று எழுதிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் எட்டுக் கம்பியில் ஒன்று அறுந்தால் கை சோரும், உதறும். தேடிப்போய்த் தொண்டையைத் தொடாது. கொஞ்ச நேரம் படுக்க முடியுமா என்று அவள் அவரைக் கேட்டாள். பயம் இருந்தாலும் படுத்தார். மாத்திரையின் அசதியில் கால் மணி நேரத்தில் தூங்கிப்போனார்.

தில்ஷாத் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஸ்டெல்லா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. யாரோ பிரஷர் குக்கரை இறக்கும் சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

இரண்டே காலுக்குக் கை விழித்தது.

விழித்தது என்றுதான் சொல்ல வேண்டும். விரல்கள் முதலில் படுக்கை விரிப்பைத் தடவின. ஓரத்தைக் கண்டுபிடித்து, சுருக்கத்தை நீவி, இழுத்துச் சரிசெய்தன. பிறகு நிதானமாக நகர்ந்து ஸ்டெல்லாவின் இடது கையைத் தொட்டன. ஸ்டெல்லா கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்கள் அவள் உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டுக்கு ஏறின. கட்டைவிரலுக்குக் கீழே உள்ள குழியில் மூன்று விரல்கள் வந்து அமர்ந்தன. அப்படியே நின்றன. தூங்கும் மனிதரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

தில்ஷாத் எழுந்தாள். கையை நீட்டி, பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். விரல்கள் ஈரத் துணி போல் தொய்ந்து விழுந்தன. மறுபடி செருகினாள். நான்கு விநாடி ஆயிற்று. விரல்கள் எழுந்து, அவசரமாகப் படுக்கையைத் தடவி, ஸ்டெல்லாவின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டன.

"தினமும் இப்படித்தாங்க," என்றாள் ஸ்டெல்லா மெதுவாக. "ரெண்டு மாசமா. நான்தான் சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று தில்ஷாத் கேட்கவில்லை. அவளே சொன்னாள். கல்யாணமாகி இருபத்துநான்கு வருடம். அவர் நல்லவர்தான், ஆனால் ஒரு நாள்கூடச் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. முழித்திருக்கும்போது கூச்சம், தூக்கத்தில் மனசு வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம். மத்தியான வேலைகளை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடுவாளாம்.

தில்ஷாத் மடிக்கணினியின் திரையைப் பார்த்தாள். பார்த்ததை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு வில்லைக்கும் தொழிற்சாலையிலேயே பொறித்த எண் ஒன்று உண்டு. அது பிறவி எண், மாறாது. அதற்கு மேல் நிறுவனம் ஓர் ஐ.பி. முகவரி கொடுக்கும். சர்வர் ஆளைத் தெரிந்துகொள்வது அந்த முகவரியை வைத்துத்தான். அருளானந்துவின் முகவரியிலிருந்து இப்போது இரண்டு பிறவி எண்கள் பேசிக்கொண்டிருந்தன. ஒன்று அருளானந்துவுடையது, தூக்கத்தில் அமைதியாக இருந்தது. இன்னொன்று விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

"அப்படின்னா?" என்றாள் ஸ்டெல்லா.

"ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருந்தா, கூப்பிட்டதும் ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாங்கள்ல. அந்த மாதிரிதான். வேற யாரோ ஒருத்தர் கையை அசைக்கணும்னு நினைக்கிறாங்க. இங்க இவரு கை அசையுது. கடைசியா யாரு பேசினாங்களோ அவங்க சொல்றதத்தான் உறை கேக்கும். இவரு முழிச்சிருக்கப்ப இவரு விடாம பேசிட்டே இருக்காரு. தூங்கிட்டா அவங்களுக்கு வழி கிடைச்சிடுது."

"அப்ப நான் தொடுறது?"

தில்ஷாத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அவங்களுக்குப் போகும்."

ஸ்டெல்லா தன் மணிக்கட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். விரல்கள் சிறிது நேரம் விரிப்பில் அவளைத் தேடிக்கொண்டிருந்தன.

அந்தப் பகுதிக்கான இணைப்புப் பெட்டி தெருமுனையில் இருந்தது. அதில் கண்டபடி கேபிளைப் பிடுங்க முடியாது. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு கை இருக்கிறது. யாராவது கொதிக்கும் பாலைத் தூக்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் எந்தப் பிறவி எண் எந்தத் துளை வழியாக வருகிறது என்று கேபிள்களை இணைக்கும் ஸ்விட்ச் கருவி ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்த இரண்டாவது எண் பதினேழாம் துளை வழியாக வந்தது. பதினேழாம் கேபிள் இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்துக்குப் போனது.

நினைவு திரும்பாதவர்கள், எழுந்து நடமாட முடியாதவர்கள் என்று பதினான்கு பேரை வைத்துப் பார்க்கும் இல்லம் அது. மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் தூசி படிந்து கிடந்தது. ஐந்து கேபிள்கள் எங்கெங்கோ போயின. எந்த அறைக்கு எது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. இங்கே யாருக்கும் நரம்புப் பாலம் கிடையாது என்று மேற்பார்வை பார்க்கும் பவுனம்மா உறுதியாகச் சொன்னாள். அப்படியானால் பிடுங்கலாம். தில்ஷாத் ஸ்டெல்லாவைக் கைப்பேசியில் அழைத்து, கையைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள்.

முதல் கேபிளை எடுத்தாள்.

"அசையுது," என்றாள் ஸ்டெல்லா.

இரண்டாவது. அசைகிறது. மூன்றாவதை எடுத்ததும் அலுவலக அறையிலிருந்து யாரோ நெட் போய்விட்டது என்று குரல் கொடுத்தார்கள். நான்காவது சாம்பல் நிறக் கேபிள், கொக்கி உடைந்து வெறுமனே செருகியிருந்தது. விரல் பட்டதும் கையோடு வந்தது.

தில்ஷாத் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா?"

"நின்னுடுச்சும்மா. பாதியில நின்னுடுச்சு."

சாம்பல் கேபிள் சுவரோடு ஏறி, மாடியில் கடைசி அறையின் ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு உள்ளே போனது. அறையில் ஒரே கட்டில். அறுபது வயதிருக்கும் ஒரு பெண் கண் திறந்தபடி படுத்திருந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். கண்கள் மின்விசிறியின் மேலும் இல்லை, தில்ஷாத்தின் மேலும் இல்லை. கட்டிலுக்குப் பின்னால், மெத்தைக்குக் காற்றடிக்கும் பம்பின் பக்கத்தில் நிறுவனத்தின் பழைய பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு இருந்தது. பம்பு மெத்தை வந்தபோது கிடந்த பிளக்குகளை எல்லாம் சொருகிவிட்டோம் என்றாள் பவுனம்மா. எப்போது என்று கேட்டதற்கு, ரெண்டு மாசம் இருக்கும் என்றாள்.

பெயர் மங்கையர்க்கரசி. மூளையில் ரத்தக்கசிவு. கை வருமா என்று நரம்புப் பாலம் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றரை வருடம் ஒரு விரல்கூட அசையவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். நிறுவனம் கணக்கை மூடி உறையைக் கழற்றிக்கொண்டு போனது. வில்லையை எடுக்கத் தலையைத் திறக்க வேண்டும் என்பதால் உள்ளேயே விட்டுவிட்டது. உறையோடு பாலமும் போய்விட்டது என்றுதான் பவுனம்மா நினைத்திருந்தாள். ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள். மாதம் ஒரு தடவை வந்து போவாள்.

"அதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தாங்க?"

"நர்ஸும்மா. அரசாங்க ஆஸ்பத்திரியில முப்பது வருசம்."

தில்ஷாத் பார்த்ததையும் கேட்டதையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்துப் பார்த்தாள். விரிப்பைச் சரிசெய்த விரல்கள். மணிக்கட்டில் மூன்று விரல். தொண்டையின் பக்கவாட்டில் இரண்டு விரல். யாரையும் நெரிக்க வந்த கை இல்லை அது. இருட்டில் கண் விழித்து, கையில் அகப்பட்ட உடம்புக்கு உயிர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள் மங்கையர்க்கரசி.

தில்ஷாத் கீழே இறங்கி, சாம்பல் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு மேலாளர் கண்ணபிரானை அழைத்தாள். மூடிய கணக்கின் முகவரியைப் புது ஆளுக்குக் கொடுப்பது வழக்கந்தான், அதில் தவறொன்றுமில்லை என்றார் அவர். அருளானந்துவின் முகவரியை இன்றே மாற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் புகார் முடிந்துவிடும் என்றார். இந்தப் பெண்மணி என்ன ஆவார் என்று தில்ஷாத் கேட்டாள்.

"எந்தப் பெண்மணி? நம்ம ரெக்கார்டுல அந்த முகவரில அருளானந்து மட்டுந்தாம்மா இருக்காரு."

மாற்றிவிட்டால் மங்கையர்க்கரசி பேசுவது எந்த உறைக்கும் போகாது. எதையும் தொட மாட்டாள். ஒன்றரை வருடம் ஏன் அசையவில்லை என்பதும் தில்ஷாத்துக்கு ஓரளவு விளங்கியது. பாலம் வைத்தபோது நரம்பு ஆறியிருக்காது. ஆறிப் பேசத் தொடங்கியபோது கேட்பதற்கு உறை இல்லை.

மாலையில் அருளானந்துவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் உறை மாட்டிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மாத்திடுங்க," என்றார். "பாவந்தான். ஆனா என் உடம்புல இன்னொருத்தர் இருந்தா நான் எப்படித் தூங்குறது?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தில்ஷாத் மடிக்கணினியைத் திறந்தாள். அப்போது ஸ்டெல்லா உள்ளேயிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒரு நாள் பொறுங்க," என்றாள் கணவரிடம். "அந்தம்மா ரெண்டு மாசமா எனக்கு நாடி பாத்திருக்காங்க. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்து மாத்திக்கலாம்."

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மூவரும் அந்த அறையில் இருந்தார்கள். அருளானந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய உறைக்குத் தற்காலிகமாக ஒரு கேபிளை இழுத்து மாட்டியிருந்தாள் தில்ஷாத். தூங்க வேண்டியதில்லை, கையின் மேல் நினைப்பு வைக்காமல் இருந்தால் போதும் என்றாள். அவர் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மனசுக்குள் எதையோ எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது.

கொஞ்ச நேரத்தில் கை எழுந்தது. நாற்காலியின் கைப்பிடியைத் தடவியது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டதும் நின்றது. தெரிந்த பொருளைத் தொட்டதுபோல் அதை ஒரு தடவை சுற்றிப் பிடித்தது. பிறகு விரிப்பின் மேல் ஊர்ந்து, அங்கே கிடந்த ஒரு கையை அடைந்தது. மங்கையர்க்கரசியின் இடது கை.

மூன்று விரல்கள் மணிக்கட்டில் அமர்ந்தன. ஒரு நிமிடம் இருக்கும். கட்டிலில் கிடந்தவளின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு விரல்கள் வழக்கம்போல் அங்கேயே நிற்காமல் மேலே ஏறின. முழங்கைக்குக் கீழே பழைய தீப்புண் தழும்பு ஒன்று பிறை போல் வளைந்து கிடந்தது. சுட்டுவிரல் அதன் மேல் பட்டு, விலகி, மறுபடி பட்டது. தழும்பின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போனது. திரும்பி வந்தது. மூன்றாம் முறை பாதியில் நின்றுவிட்டது.

யார் கையைப் பிடித்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விரல்கள் நடுங்கத் தொடங்கின. ஸ்டெல்லா கணவரின் தோளைத் தொட்டாள்.

"நான் நடுங்கல," என்றார் அருளானந்து. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் கைதான் நடுங்குது. நான் இல்ல."

விரல்கள் அவசர அவசரமாக மணிக்கட்டுக்கு இறங்கி நாடியை மறுபடி தேடின. கிடைத்ததும் அழுத்திப் பிடித்துக்கொண்டன. தில்ஷாத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் அந்தக் கை விடவில்லை. அருளானந்துவும் கையைத் திருப்பிக் கேட்கவில்லை.

மகள் மறுநாள் காலை வந்து சேர்ந்தாள். மருத்துவர் ஒருவர் வந்து, பார்த்து, நம்பாமல் மீண்டும் பார்த்தார். நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் ஏதோ தாள்களில் மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வெளியே பேசக்கூடாது என்பது முதல் நிபந்தனை. மூன்று வாரத்தில் மங்கையர்க்கரசிக்குப் புது உறையும் புது முகவரியும் வந்தன. அதுவரை தினமும் மத்தியானம் அருளானந்து அந்த அறைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அப்படிப் போகச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை. தன் சொந்தக் கையால் மங்கையர்க்கரசி முதலில் பிடித்தது மகளின் மணிக்கட்டை. பேச்சு வரவில்லை, வராது என்றார்கள். ஆனால் ஒரு பலகையில் எழுத்துகளைத் தொட்டுக் காட்டப் பழகிக்கொண்டிருந்தாள்.

புது உறை வந்த பிறகும் ஸ்டெல்லா சில நாள் இரண்டு மணிக்குக் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாளாம். கணவர் அயர்ந்து தூங்கினார். கையும் தூங்கியது. அதன் பிறகு அந்த நேரத்தில் அவள் பராமரிப்பு இல்லத்துக்குப் போகத் தொடங்கினாள்.

தில்ஷாத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. இனி இப்படி நேராமல் இருக்க, மூடிய கணக்குகளின் முகவரிகள் உண்மையிலேயே காலியா என்று சரிபார்த்து, புதுப் பயனாளர்களுக்கு ஒதுக்கத் தயார் செய்ய வேண்டும் என்று கண்ணபிரான் எழுதியிருந்தார். இணைத்திருந்த பட்டியலில் நூற்று நாற்பத்து மூன்று முகவரிகள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கணக்கை மூடிய காரணம். அறுபத்தொன்றில் ஒரே வாசகம்: 'அசைவு இல்லை.'

காலையில் அலுவலகத்தில் மற்றவர்கள் வருவதற்கு முன் அவள் அந்த அறுபத்தொன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முகவரிக்கும் இருக்கிறாயா என்று ஒரு சின்னக் கேள்வி அனுப்பலாம். பெட்டி இருந்தால் பதில் வரும். முதல் எட்டுக்குப் பதில் இல்லை. ஒன்பதாவது பதில் சொன்னது. பதினான்காவது, பதினைந்தாவது. முடித்தபோது இருபத்திரண்டு முகவரிகள் பதில் சொல்லியிருந்தன.

பெட்டி தானாகவும் பதில் சொல்லும். அதனால் உள்ளே ஆள் இருப்பதாக ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பதாவதைத் திறந்து வில்லையிலிருந்து ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். முசிறிப் பக்கம் ஒரு வீடு. கணக்கை மூடி மூன்று வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது.

திரையில் ஒரு கோடு மேலே எழும்பித் தணிந்தது. பிறகு அடுத்த கோடு. அவளுக்கு அந்த வடிவங்களைப் படிக்கத் தெரியும். யாரோ சுண்டுவிரலை மடக்குகிறார்கள். அடுத்து மோதிர விரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரல். ஐந்தும் மடங்கியதும் ஒரு சின்ன இடைவெளி. பிறகு மறுபடி சுண்டுவிரலிலிருந்து.

பத்து நிமிடம் பார்த்தாள். ஒரு தடவைகூட வரிசை தப்பவில்லை.